லேசர் சிகிச்சையில் தண்ணீருக்கு என்ன வேலை?

சுங்கைப்பட்டாணி – சிறுநீரகத்தில் கல் இருக்கிறது, லேசரால் உடைத்து எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னதும் நம்மவர்களில் பலருக்குப் பாதி வலி குறைந்துவிடுகிறது. வயிற்றைக் கிழிக்க வேண்டாம், தையல் வேண்டாம், ஒளியைக் காட்டினால் கல் கரைந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல் சொத்தைக்கும் லேசர் உண்டு என்று கேள்விப்படுகிறவர்களும் அப்படித்தான். துளைக்கும் கருவியின் அந்தக் கீச்சுச் சத்தம் இருக்காது என்ற நிம்மதி அவர்களுக்கு.

ஆனால் அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்குள் போய்ப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது லேசர் கருவி அல்ல. கம்பியில் வரிசையாகத் தொங்கும் உப்பு நீர்ப் பைகள்தாம். பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்தாலும் அதே கதை. லேசர் முனையோடு ஒரு மெல்லிய நீர்த்தூவல் வரும். வாயில் தேங்கும் தண்ணீரை இழுக்க உதட்டோரம் ஓர் உறிஞ்சு குழாய் இருக்கும்.

தமிழில் சீரொளி என்று பெயர் பெற்ற லேசரை எல்லாரும் பேசுகிறோம். அதனோடு ஓடும் நீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எவ்வளவு நீர், என்ன வேகத்தில், எந்த அழுத்தத்தில், எவ்வளவு சுத்தமாக என்பவைதாம் சிகிச்சை நல்லபடியாக முடியுமா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. சிகிச்சைக்கு முன் ஏன் சிறுநீர்ப் பரிசோதனை, பின் ஏன் காய்ச்சலைப் பற்றி இத்தனை எச்சரிக்கை என்பதற்கும் விடை அந்த நீரில்தான் இருக்கிறது.

பல்லில் தொடங்கிய கதை

அமெரிக்க இயற்பியலாளர் தியோடர் மைமன் 1960-ஆம் ஆண்டு மே மாதம் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். செயற்கை மாணிக்கக் கல்லிலிருந்து வந்த சிவப்பு ஒளி அது. ஐந்தே ஆண்டுகளில், 1965-இல், தோல் மருத்துவரான லியோன் கோல்ட்மன் அந்த ஒளியைப் பல்லில் பாய்ச்சிப் பார்த்தார். பல்லைக் கொடுத்தவர் அவருடைய சொந்தச் சகோதரர். அவரும் ஒரு பல் மருத்துவர்தான்.

பல்லைத் துளைப்பதில் மாணிக்க லேசருக்குச் சிரமம் இருக்கவில்லை. சிக்கல் சூட்டில் இருந்தது. பல்லின் மேல் ஓடு எலும்பைவிடக் கடினமானது என்றாலும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த மென்மையான பற்கூழ் இருக்கிறது. அது எவ்வளவு சூடு தாங்கும் என்பதை அதே 1965-இல் சாக், கோஹன் என்ற இரு ஆய்வாளர்கள் குரங்குகளின் பற்களில் அளந்தார்கள். பற்கூழின் வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் கூடியபோது ஏறக்குறைய 15 விழுக்காட்டுப் பற்கள் மீளவில்லை. 11 டிகிரி கூடியபோது 60 விழுக்காடு செத்துப்போயின. இன்றும் பல் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தரப்படும் அந்த ‘ஐந்தரை டிகிரி’ எல்லை இங்கிருந்து வந்ததுதான்.

ஐந்தரை டிகிரி என்பது எவ்வளவு சிறியது என்று பாருங்கள். நல்ல காய்ச்சலில் உடம்புச் சூடு 37-இலிருந்து 40-க்குப் போகிறது, மூன்று டிகிரி. அதைப் போல இரு மடங்குகூட இல்லை. அதற்குள் பல்லின் சொத்தையைச் சுரண்டி எடுத்தாக வேண்டும்.

பால் மரம் வெட்டியவர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்கவே தேவையில்லை. உளி பட்டைக்குள் போதிய ஆழம் போக வேண்டும்; இல்லாவிட்டால் பால் வடியாது. உள்ளே இருக்கும் மரத்தையும் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் காயம், பட்டை முண்டு முண்டாகப் புடைத்து வளரும், மறுபடி அந்த இடத்தில் வெட்ட முடியாது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டர் அளவு. நல்ல வெட்டுக்காரரின் கை அந்த அளவை அறியும். பல் லேசரில் அந்தக் கையின் வேலையில் பாதியைத் தண்ணீர் செய்கிறது.

1980-களின் இறுதியில் ஜெர்மனியின் ஹிப்ஸ்ட், கெல்லர் ஆகியோர் எர்பியம் லேசரைப் பல்லில் சோதித்தபோதுதான் வழி பிறந்தது. 2,940 நானோமீட்டர் அலைநீளமுள்ள இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தண்ணீருக்கு அதன்மேல் அசாத்தியப் பசி. ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள நீர்ப்படலமே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பல்லுக்குள்ளும் நீர் இருக்கிறது. எனாமலின் எடையில் சில விழுக்காடு, அதற்கு அடுத்த தந்தினியில் சுமார் 10 விழுக்காடு. லேசர் துடிப்பு பட்டதும் அந்த நுண்ணிய நீர்த்துளிகள் கணப்பொழுதில் ஆவியாகி வெடிக்கின்றன. வெடிப்பு பல்லைத் துகள் துகளாகப் பெயர்த்து எறிகிறது. சொத்தை விழுந்த பகுதியில் நல்ல பல்லைவிட நீர் அதிகம் என்பதால் சொத்தை சீக்கிரம் பெயர்கிறது. நடப்பது எரிப்பு அல்ல, நீராவியின் சிறு சிறு வெடிப்புகள். சிகிச்சையின்போது ‘டப் டப்’ என்று கேட்கும் ஓசை அதுதான். 1997-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பல்லின் கடினப் பகுதிகளுக்கு இந்த லேசரை அனுமதித்தது.

இதில் வெளியிலிருந்து தூவும் நீருக்கு இரண்டு வேலை. பல்லைக் குளிர்விப்பது ஒன்று. பெயர்ந்த துகள்களைக் கழுவி அடுத்த துடிப்புக்கு இடத்தைத் தயாராக்குவது மற்றொன்று. நீர் குறைந்தால் பல் காய்ந்து, கருகி, கீறல் விடும்; பற்கூழ் சூடேறும்; நோயாளி நாற்காலியில் துள்ளுவார். நீர் கூடினாலோ, பல்லின் மேல் தேங்கும் படலமே ஒளியைக் குடித்துவிடும். லேசர் பல்லைச் சேராது, வேலை இழுக்கும். எனவே தூவல் மெல்லியதாக, விடாமல், லேசர் விழும் அதே புள்ளியில் விழ வேண்டும். முனையின் ஒரு துளை அடைத்துக்கொண்டால்கூடப் போதும், எல்லாம் கெட்டுவிடும். மூடா நீர்ப்பாசனத் திட்டத்தின் வயல்களில் வாய்க்கால் நீரைக் காலத்துக்கும் அளவுக்கும் பார்த்து விடுகிறார்களே, அதே கணக்குத்தான், அளவு மட்டும் மிகச் சிறியது.

லேசர் எல்லாப் பல் வேலைக்கும் சரிப்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய வெள்ளி அடைப்பை எர்பியம் லேசரால் எடுக்க முடியாது. எடுக்க முயலவும் கூடாது, அதில் பாதரசம் இருக்கிறது. தொப்பிப் பல் வைக்கப் பல்லைச் செதுக்க இன்னும் சுழல் கருவிதான் வசதி. அந்தச் சுழல் கருவியும் தண்ணீர் தெளித்துக்கொண்டேதான் சுழல்கிறது என்பதைப் பல் டாக்டரிடம் போனவர்கள் அறிவார்கள்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பல் மருத்துவ நாற்காலிக்குள் ஓடும் குழாய்கள் மெல்லியவை. இரவெல்லாம் அவற்றில் நீர் அசையாமல் நிற்கும். கிருமிகள் குழாயின் உட்சுவரில் பாசி போல ஒட்டிப் படர இது போதும். அதனால்தான் காலையில் முதல் நோயாளி வருமுன் குழாயைத் திறந்துவிட்டு நீரை ஓட விடுவதும், குழாய்களுக்கு மருந்து போட்டுச் சுத்தம் செய்வதும் பல் கிளினிக்குகளின் அன்றாட வேலை. ஒரு மில்லிலிட்டர் நீரில் 500 கிருமிக் கூட்டங்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அளவு. ஈறை வெட்டித் திறக்கும் அறுவை, எலும்பைத் தொடும் வேலை என்றால் இந்தக் குழாய் நீரே ஆகாது. கிருமி நீக்கிய நீரைத் தனியாகச் செலுத்த வேண்டும்.

இது வெறும் காகித விதி அல்ல. 2011-இல் இத்தாலியில் 82 வயது மூதாட்டி ஒருவர் லெஜியோனெல்லா நிமோனியாவால் இறந்தார். அந்தக் கிருமி பல் மருத்துவ நாற்காலியின் நீர்க்குழாயிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார்கள். 2016-இல் அமெரிக்காவின் அனஹைம் நகரில் பால் பல்லுக்குச் சிகிச்சை பெற்ற பல குழந்தைகளுக்குத் தாடையில் கடும் தொற்று வந்ததும் குழாய் நீரால்தான். இரண்டும் லேசரால் வந்தவை அல்ல. ஆனால் லேசருக்குத் தூவும் நீரும் பொதுவாக அதே நாற்காலியின் குழாய் வழியாகத்தான் வருகிறது. விலை உயர்ந்த லேசர் வாங்கிய கிளினிக்கில் குழாயைக் கழுவாமல் விட்டால் லேசர் இருந்து பயனில்லை.

பீடோங் அருகே செமிலிங்கில் இருக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் படிப்பு நடக்கிறது. ம.இ.கா.வின் கல்விக் கரமான எம்.ஐ.இ.டி.யின் முயற்சியில் 2001-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் சிலர் அங்கே படித்துப் பல் டாக்டராகியிருக்கிறார்கள். குழாயைப் பற்றிக் கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகுமோ என்று தயங்குகிறவர்கள், படித்த அந்தப் பிள்ளைகளிடமே கேட்டுப் பார்க்கலாம். நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

சிறுநீரகத்துக்குள் இரண்டு தேக்கரண்டி இடம்

கெடா, பெர்லிஸ் வட்டார வெயிலைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலேசியாவில் பதிவான உச்ச வெப்பமான 40.1 டிகிரி, 1998 ஏப்ரல் 9-ஆம் நாள் பக்கத்துப் பெர்லிஸின் சுப்பிங்கில் பதிவானது. அந்த வெயிலில் செம்பனைக் குலை வெட்டுகிறவர், வெட்டிய குலையைச் சுமக்கிறவர், கட்டுமானத்தில் நிற்கிறவர் ஆகியோரின் உடம்பு நீர் வியர்வையாகவே போய்விடுகிறது. சிறுநீர் கெட்டியாகிறது, கெட்டியான சிறுநீரில் உப்புகள் படிந்து கல்லாகின்றன. சித்த மருத்துவம் கல்லடைப்பு என்று சொல்லும் நோய் இதுதான். விலா எலும்புக்குக் கீழிருந்து அடிவயிறு வரை இழுக்கும் அந்த வலியை ஒருமுறை பட்டவர் மறப்பதில்லை.

கல்லை உடைக்க இன்று பரவலாகப் பயன்படுவது ஹோல்மியம் லேசர். 1990-களில் பழக்கத்துக்கு வந்தது. சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய, வளையும் குழாய்க் கருவியை உள்ளே விட்டு, சிறுநீர்ப்பையைத் தாண்டி, சிறுநீரகம் வரை கொண்டுபோகிறார்கள். அந்தக் கருவிக்குள் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய விட்டமுள்ள ஒரு துவாரம் உண்டு. தலைமுடியைவிடச் சற்றுத் தடித்த லேசர் இழையும், உப்பு நீரும் அந்த ஒரே துவாரத்தில்தான் போயாக வேண்டும். பத்து மில்லிலிட்டர், அதாவது இரண்டு தேக்கரண்டி கொள்ளும் இடத்தில் வேலை நடக்கிறது.

உப்பு நீர் இங்கே என்ன செய்கிறது? முதலில், பார்க்க உதவுகிறது. கல் உடைந்த தூசும் சிறு இரத்தக் கசிவும் சேர்ந்தால் கேமராவில் எதுவும் தெரியாது. நீர் அதைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்து, காப்பாற்றுகிறது. ஹோல்மியம் ஒளி தண்ணீரில் அரை மில்லிமீட்டர்கூடத் தாண்டாமல் பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். இழை கல்லைத் தொட்டு நிற்கும்போது ஒளி கல்லைத் தாக்குகிறது. சுவரிலிருந்து சற்று விலகி நின்றால் இடையிலுள்ள நீரே சுவருக்குக் கவசம். துடிப்பு ஒவ்வொன்றும் இழை முனையில் ஒரு நீராவிக் குமிழை உண்டாக்க, அந்தக் குமிழ் நீரை விலக்கி ஒளிக்கு வழி விடுகிறது. கடலைப் பிளந்த மோசேயின் பெயரால் இதை ‘மோசஸ் விளைவு’ என்று மருத்துவர்கள் அழைக்கிறார்கள்.

மூன்றாவது வேலைதான் முக்கியமானது. சூட்டை வெளியே கொண்டுபோவது.

இதைச் சாதாரணக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிலிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் ஆற்றல் போதும். லேசர் 20 வாட் அளவில் இயங்கினால் நிமிடத்துக்கு 1,200 ஜூல். நிமிடத்துக்கு 40 மில்லிலிட்டர் நீர் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தால் நீரின் சூடு சுமார் 7 டிகிரி ஏறும். 22 டிகிரியில் உள்ளே போன நீர் 29-இல் வெளியே வரும், பிரச்சினை இல்லை. அதே நீரோட்டம் 10 மில்லிலிட்டராகக் குறைந்தால்? சூடு 28 டிகிரிக்கு மேல் ஏறும். 22 என்பது 50 ஆகிவிடும். நீரோட்டம் முழுவதும் நின்றுவிட்டால், உள்ளே தேங்கிய 10 மில்லிலிட்டர் நீர் 37 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குப் போக அரை நிமிடம்கூட ஆகாது. இது சூடு வேறெங்கும் போகவில்லை என்று வைத்துக்கொண்ட கணக்கு. இரத்த ஓட்டம் கொஞ்சம் கொண்டுபோகும், மருத்துவரும் இடையிடையே மிதிகட்டையிலிருந்து காலை எடுப்பார், ஆகவே உண்மையில் சற்றுக் குறையும். ஆனால் ஆபத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் காட்ட இது போதும்.

50 டிகிரி என்பது குளியலறையில் தாங்க முடியாத வெந்நீர். உயிருள்ள திசு 43 டிகிரியை இரண்டு மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அந்த நேரம் பாதியாகும் என்பது மருத்துவ இயற்பியலின் வழக்கமான கணக்கு. 44-இல் ஒரு மணி நேரம், 45-இல் அரை மணி. இப்படிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் 50 டிகிரியில் ஒரு நிமிடம்தான் மிஞ்சும். வெந்த சிறுநீர்க்குழாய் பின்னர் சுருங்கித் தழும்பாகும்; கல் போன இடத்தில் அடைப்பு வரும்.

அப்படியானால் தண்ணீரை நிறைய விட்டுவிட்டால் ஆயிற்றே என்று தோன்றும். அங்கேதான் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது.

பையை உயர்த்தினால் என்ன ஆகும்?

உப்பு நீர்ப் பை எவ்வளவு உயரத்தில் தொங்குகிறதோ அவ்வளவு அழுத்தம். தோட்டத்து உயர்த் தொட்டியிலிருந்து லயத்துக் குழாய்க்குத் தண்ணீர் வேகமாக வந்தது போலத்தான். சிறுநீரகத்துக்குள் இயல்பாக இருக்கும் அழுத்தம் மிகக் குறைவு. அது ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் நீர் உயரத்தைத் தாண்டினால், உள்ளிருக்கும் திரவம் பின்வழியாக இரத்தக் குழாய்களுக்குள் கசியத் தொடங்கும். பையை ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, வெளியேறும் வழியும் அடைத்துக்கொண்டால் அழுத்தம் அந்த எல்லையைப் போல இரண்டரை மடங்கு. வேகம் போதவில்லை என்று கையால் பிசைந்து நீரைத் தள்ளினால் அதற்கும் மேலே போகும்.

இரத்தத்துக்குள் போவது சுத்தமான உப்பு நீர் மட்டுமானால் பெரிய பாதகம் இல்லை. ஆனால் கல்லுக்குள்ளேயே கிருமி குடியிருப்பதுண்டு. லேசர் அதை உடைக்கும்போது கிருமியும் அதன் நஞ்சும் நீரில் கலக்கின்றன. அழுத்தம் கூடினால் அந்தக் கலவை நேரே இரத்தத்தில் சேர்கிறது. சில மணி நேரத்தில் குளிர் நடுக்கம், காய்ச்சல், இரத்த அழுத்தம் சரிவு. செப்சிஸ் என்று மருத்துவர்கள் அஞ்சுவது இதைத்தான். கல் உடைப்புக்குப் பின் உயிர் போகும் அரிய நிகழ்வுகளில் பெரும்பாலும் காரணம் இதுவே. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நம் சமூகத்தில் நீரிழிவு இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆக, நீர் குறைந்தால் வேகும். கூடினால் கிருமி ஏறும். இடையில் உள்ள ஒற்றையடிப் பாதையில்தான் மருத்துவர் நடக்கிறார். அதற்கு உதவியாகச் சிறுநீர்க்குழாயில் ஓர் உறைக்குழாய் வைத்து நீர் வெளியேற வழி அமைக்கிறார்கள். அளவோடு நீரைத் தள்ளும் பம்புகள் வந்திருக்கின்றன. அழுத்தத்தை உள்ளேயே அளந்து காட்டும் கருவிகளும், உறிஞ்சிக்கொண்டே இருக்கும் உறைகளும் அண்மைக் காலத்தில் வரத் தொடங்கியுள்ளன. ஹோல்மியத்தைவிட மெல்லிய இழை போதும் தூலியம் லேசரும் பழக்கத்தில் சேர்ந்திருக்கிறது. இழை மெலிந்தால் அதே துவாரத்தில் நீருக்குக் கூடுதல் இடம் கிடைக்கும் என்பது அதில் ஒரு லாபம். ஆனால் புதிய கருவி எதுவும் இல்லாமலே, பையின் உயரத்தைக் கவனித்து, லேசரை விட்டு விட்டு இயக்கி, வேலையைச் சீக்கிரம் முடிக்கும் மருத்துவரும் பாதுகாப்பாகச் செய்துவிடுகிறார். கல் பெரிதாக இருந்தால் ஒரே நாளில் முடிக்காமல் இரண்டு தவணையாகப் பிரிப்பதும் இதனால்தான். ‘ஒரே தடவையில் முடிக்கத் தெரியவில்லை’ என்று வெளியே வந்து குறை சொல்வது சரியில்லை.

வயதான ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் வீக்கத்திலும் தண்ணீரின் கதை ஒன்று உண்டு. மின்சாரக் கம்பியால் சுரண்டும் பழைய முறையில் உப்பு நீரைப் பயன்படுத்த முடியாது. உப்பு மின்சாரத்தைக் கடத்திவிடும். அதனால் கிளைசின் கரைசலை விட்டார்கள். அது இரத்தத்தில் அதிகம் சேர்ந்துவிட்டால் உடம்பின் சோடியம் சரிந்து, நோயாளி குழம்பிப் பேசுவார், சிலருக்கு வலிப்பும் வரும். லேசர் வந்ததும் சாதாரண உப்பு நீரே போதும் என்றானது. லிட்டருக்கு 9 கிராம் உப்பு, நம் இரத்தத்தின் உப்புக்கு நெருக்கமானது. லேசரின் பெரிய நன்மை இங்கே ஒளியில் இல்லை, எந்தத் தண்ணீரை விடலாம் என்பதில் இருக்கிறது.

தோலுக்கு நொடியில் ஒரு துளி

முகத்தில் பிறவியிலேயே படரும் சிவப்பு மச்சத்தை லேசரால் மங்கச் செய்வார்கள். ஒளி தோலைக் கடந்து உள்ளே இருக்கும் இரத்தக் குழாயைச் சுட வேண்டும். மேல் தோல் வேகக் கூடாது. மாநிறத் தோலில் இது கடினம். மேல் தோலின் நிறமியே ஒளியை வழிமறித்துக் குடித்துவிடும். அமெரிக்காவின் இர்வைனில் உள்ள பெக்மன் லேசர் ஆய்வகத்தில் நெல்சன் குழுவினர் 1990-களின் நடுவில் ஒரு வழி கண்டார்கள். லேசர் துடிப்புக்குச் சற்று முன்பாக, நொடியின் நூறில் சில பங்கு நேரம் மட்டும், மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் குளிர் திரவத்தைத் தோலில் பீய்ச்சுவது. மேல் தோல் மட்டும் சட்டென்று குளிரும்; ஆழத்தில் இருக்கும் குழாய் குளிர்வதற்குள் லேசர் வந்துவிடும். பீய்ச்சல் குறைந்தால் தீக்காயம். கூடினால் உறைகாயம், மாநிறத்தில் அது மாதக்கணக்கில் கருந்திட்டாக நிற்கும்.

முடி நீக்கவும் முகம் வெளுக்கவும் பட்டணத்து அழகு நிலையங்களில் மலிவாக லேசர் செய்துகொள்ளப் போகும் இளம் பெண்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும். மலேசியாவில் இத்தகைய லேசர் சிகிச்சையைப் பதிவு பெற்ற மருத்துவர்தான் செய்யலாம். அழகியல் மருத்துவத்துக்குச் சுகாதார அமைச்சு தரும் எல்.சி.பி. சான்று அவரிடம் இருக்க வேண்டும். சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கருவி தோலை எப்படிக் குளிர்விக்கிறது என்றும் கேட்கலாம். அதற்குப் பதில் தெரியாதவரிடம் முகத்தைக் கொடுக்க வேண்டாம்.

தேதி முக்கியம்

சிறுநீரகக் கல்லுக்கு வருவோம். சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம், அலோர்ஸ்டார் சுல்தானா பாஹியா போன்ற அரசாங்க மருத்துவமனைகளுக்குக் கிளினிக் கடிதத்தோடு போகிறவர்கள் சில விஷயங்களை வாய் திறந்து சொல்ல வேண்டும். சிகிச்சைக்கு முன் சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்ப்பார்கள். முடிவு வர ஓரிரு நாள் ஆகும், அதற்காகச் சிகிச்சை தள்ளிப்போனால் சலித்துக்கொள்ள வேண்டாம். கிருமிக்கொல்லி மாத்திரையைக் கொடுத்த நாள்வரை விழுங்க வேண்டும். காய்ச்சலும் சிறுநீர் எரிச்சலும் இருந்தால், தேதி கைவிட்டுப் போகுமே என்று மறைக்கக் கூடாது. இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்லப்படுவது தாத்தா பாட்டிக்குப் புரியவில்லை என்றால், ஒப்புதல் பாரத்தில் கையெழுத்துப் போடுமுன் வீட்டுப் பிள்ளை ஒருவர் கூட இருப்பது நல்லது.

வீட்டுக்கு வந்தபின் குளிர் நடுக்கமோ 38 டிகிரிக்கு மேல் காய்ச்சலோ வந்தால் பனடோலைப் போட்டுக்கொண்டு காலைவரை காத்திருக்கக் கூடாது. அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போய், லேசரால் கல் உடைத்திருக்கிறது என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். சிறுநீரில் சில நாள் இலேசான சிவப்பு இருப்பது வழக்கம்தான். கட்டி கட்டியாக இரத்தம் வந்தாலோ சிறுநீரே வராவிட்டாலோ அது வழக்கம் அல்ல.

கல் மறுபடி வராமலிருக்க நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். 1996-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், முதல் கல் வந்தவர்களில் நிறையத் தண்ணீர் குடித்தவர்களில் 12 விழுக்காட்டினருக்கும், வழக்கம்போல் இருந்தவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் ஐந்தாண்டுகளில் மறுபடி கல் வந்தது. இருதயக் கோளாறும் சிறுநீரகச் செயலிழப்பும் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்ட பிறகே குடிக்கும் அளவைக் கூட்ட வேண்டும்.

கல் உடைத்த பலருக்குச் சிறுநீர்க்குழாய்க்குள் ஸ்டெண்ட் எனும் மெல்லிய குழாயை வைத்து அனுப்புவார்கள். வீக்கம் வடியும்வரை சிறுநீர் தடையின்றி இறங்க அது வேண்டும். ஆனால் அது தற்காலிகமானது. பெரும்பாலும் சில வாரங்களில் எடுத்துவிட வேண்டும். வலி போய்விட்டது, வேலையில் விடுப்புக் கிடைக்கவில்லை, வண்டி இல்லை என்று அதை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மாதங்கள் கடந்தால் ஸ்டெண்டின் மேலேயே கல் படியும். பிறகு அதை எடுக்கத் தனியாக ஓர் அறுவை தேவைப்படும், சிலருக்குச் சிறுநீரகமே கெட்டுப்போகும். அடையாள அட்டையில் இன்னும் தோட்டத்து முகவரியே இருக்கிறது, குடும்பமோ எப்போதோ தாமானுக்கு மாறிவிட்டது, கைத்தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது என்றால் மருத்துவமனையிலிருந்து அழைத்தாலும் தகவல் வந்து சேராது. வீடு திரும்பும் நாளிலேயே பதிவு முகப்பில் இப்போதைய முகவரியையும், வீட்டில் மற்றொருவரின் எண்ணையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, ஸ்டெண்ட் எடுக்கும் தேதியை அட்டையில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.